கிழிந்த ஸ்பீக்கரின் காப்புரிமை

நண்பர் ஒருவர் மின்கிதார் வாசிப்பவர். பல வருடங்களுக்கு முன்பு ஒரு மதியம், தான் புதிதாக வாங்கியிருந்த ஃபஸ் பெடலை மாடி அறையில் எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் அடங்கும் தகர டப்பா. இரண்டு திருகு, ஒரு மிதி, அவ்வளவுதான். காலால் ஒருமுறை அழுத்தினார். அதுவரை கணீரென்று கேட்ட கம்பி கரகரவென்று சீற ஆரம்பித்தது. சத்தம் கேட்டு அவருடைய அப்பா கீழேயிருந்து ஏறி வந்தார். ரேடியோ மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர். காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "டேய், ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிருக்குடா. கழட்டிக் குடு, ஒட்டித் தர்றேன்" என்றார். நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பெரியவர் சொன்னது பிழையல்ல, கச்சிதமான வரலாறு என்பது எனக்கு வெகு காலம் கழித்தே உறைத்தது. அன்றைய சிரிப்புக்கு ஒரு பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்நாட்களில் என் நிலைப்பாடு எளிமையானது. ராக் கிதாரின் கரகரப்பு ஒரு கலகம், ‘சுத்தமான ஒலி’ என்னும் மேட்டிமைக் கருத்தாக்கத்தின் மீது விழுந்த அடி, எதிர்க்கலாச்சாரத்தின் குரல். நண்பர்கள் கூடும் இடங்களில் இதை நான் பலமுறை முழங்கியதுண்டு. கேள்வி ஒன்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. கலகம் என்றால் அதை ஏன் ஒரு மிதியால் போடவும் அணைக்கவும் முடிகிறது? கடையில் விலைச் சீட்டு ஒட்டித் தொங்கும் கலகம் எப்படிப்பட்ட கலகம்?

முதலில் சங்கதி என்னவென்று பார்ப்போம். கம்பியின் அதிர்வு மின்னலையாகிறது. அந்த அலையை ஆம்ப்ளிஃபயர் தன் சக்திக்கு மேல் பெரிதாக்க முனையும்போது அலையின் முகடுகளுக்கு இடம் போதாமல் அவை வெட்டுப்படுகின்றன. வளைந்து ஏறி இறங்க வேண்டிய அலை, உச்சியில் தட்டையாகிவிடுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் ஓசை குறைந்துபோவதில்லை. கம்பியில் இல்லாத புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. சத்தமாகத் தட்டியதற்கும் மெல்லத் தட்டியதற்கும் உள்ள வித்தியாசம் சுருங்குகிறது. சீக்கிரம் மடிய வேண்டிய நாதம் நெடுநேரம் நீள்கிறது. ஆக, பொறியியல் இதற்கு வைத்த பெயர் ‘உருக்குலைவு’. கேட்பவர்களோ அதில் ஒரு பெருக்கத்தைக் கேட்டார்கள். இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் என் அக்கறை.

1951ஆம் ஆண்டு. ஐக் டர்னரின் இசைக்குழு, மெம்ஃபிஸில் சாம் பிலிப்ஸின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருகிறது. வரும் வழியில் கிதார் கலைஞர் வில்லி கைசார்ட்டின் ஆம்ப் பழுதாகிவிடுகிறது. சரிசெய்ய நேரமில்லை, வசதியும் இல்லை. கோனுக்குள் காகிதத்தைத் திணித்து வாசிக்கிறார்கள். ஜாக்கி பிரென்ஸ்டன் பெயரில் வெளியான ‘ராக்கெட் 88’ பாட்டில் அடியில் உறுமிக்கொண்டிருப்பது அந்தக் காகிதம்தான். அது வெறும் விபத்து என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அதே காலத்தில் ஹௌலின் உல்ஃபுடன் வாசித்த வில்லி ஜான்சன் ஆம்பை முறுக்கி, தெரிந்தே கரகரக்க வைத்துக்கொண்டிருந்தார். இரைச்சலான மதுக்கூடங்களில் சின்ன ஆம்பை வைத்துக்கொண்டு வாசித்த கறுப்பினக் கலைஞர்களுக்கு, கேட்கப்பட வேண்டுமென்றால் கருவியை அதன் எல்லைக்கு வெளியே தள்ளுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. உழைக்கிறவனின் குரல் கம்மிப்போவதைப் போன்றதுதான் இது. குரல் கம்மியது என்பதற்காகப் பேச்சு நின்றுவிடுவதில்லை.

1958இல் லிங்க் ரே, ஸ்பீக்கரில் பென்சிலால் துளையிட்டு ‘ரம்பிள்’ வாசித்தார் என்பது பிரசித்தம். ஒரு வார்த்தைகூட இல்லாத வாத்திய இசை அது. அடிதடியைத் தூண்டும் என்று சொல்லிச் சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. சொல்லே இல்லாத ஒரு பிரதியில் அதிகாரம் எதைக் கேட்டு மிரண்டது? கரகரப்பை மட்டும்தான்.

இப்போது நாஷ்வில்லுக்கு வருவோம். வெள்ளையின நாட்டுப்புறப் பாணிப் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ பாட்டு 1960இல் பதிவாகிறது. அடுத்த வருடம் வெளிவருகிறது. கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் பகுதியின்போது பதிவுக் கருவியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போய், நாதம் சிதறுகிறது. அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், பாட்டு ஓடுகிறது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதைத் திரும்ப வரவழைக்க ரெவிஸ் ஹாப்ஸுடன் சேர்ந்து ஒரு டிரான்ஸிஸ்டர் சர்க்யூட்டை உருவாக்குகிறார். கிப்ஸன் நிறுவனம் அதை 1962இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவருகிறது. 1965இல் காப்புரிமை கிடைக்கிறது.

பழுது ஒன்றுதான், முகவரிகள் இரண்டு. ஒன்று காகிதம் திணித்த ஓட்டை ஆம்ப். மற்றொன்று விலையுயர்ந்த பதிவுக் கருவி. முதலாவது வறுமையாகவே நின்றுபோக, இரண்டாவது கண்டுபிடிப்பாகிறது. சட்டத்தின் மொழியில் இதற்குப் பதில் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. காப்புரிமை சர்க்யூட்டுக்குத்தானே தவிரப் பழுதுக்கு அல்ல. ஸ்னாடி செய்தது அசலான வேலை. அவர் யாரிடமிருந்தும் திருடவில்லை. ஆனால் என் கேள்வி தனிமனித யோக்கியதை பற்றியதல்ல. எந்த இடத்தில் நிகழும் பிறழ்வு ‘பொருள்’ ஆகத் தகுதி பெறுகிறது, எந்த இடத்தில் நிகழ்வது ‘ரிப்பேர்’ என்றே நின்றுவிடுகிறது என்பதைப் பற்றியது. இசைக்கும் இரைச்சலுக்கும் நடுவே கோடு கிழிப்பது அதிகாரத்தின் வேலை என்று 1977இல் ழாக் அட்டாலி எழுதினார். பெடலின் கதையைப் பார்த்தால், அந்தக் கோட்டைக் கிழிப்பதோடு அதிகாரம் நின்றுவிடுவதில்லை, கோட்டைத் தாண்ட டிக்கெட்டும் விற்கிறது என்று சேர்த்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. ஃபஸ் பெடலைக் கலகம் என்று சொல்லி யாரும் விற்கவில்லை. கிதாரிலிருந்தே டிரம்பெட், டூபா, செல்லோ எல்லாம் வரவழைக்கலாம் என்று சொல்லித்தான் கிப்ஸன் விற்கப் பார்த்தது. வாங்கத்தான் ஆளில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபாக்ஷன்’ வந்த பிறகே அந்த டப்பா கடைகளில் தீர்ந்துபோகிற அளவுக்கு ஓடியது. அந்தப் பாட்டிலும் கீத் ரிச்சர்ட்ஸ் பெடலை மிதித்தது, பின்னால் ஊதுகுழல்கள் வாசிக்கப்போகும் பகுதிக்கு ஒரு மாதிரி காட்டத்தான். மாதிரியே பாட்டாக நின்றுவிட்டது. வா-வா பெடல் கதையும் இதே ஜாதி. 1966இல் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் உருவாக்கிய அந்த மிதிக்கு, வாய்மூடி வைத்து டிரம்பெட் ஊதிய கிளைட் மெக்காயின் பெயரைத்தான் முதலில் வைத்தார்கள். அதாவது, பெடல் வேறொன்றாக வேஷம் கட்டப் பிறந்தது. வேஷம் பொருந்தவில்லை. டிரம்பெட்டாகவும் இல்லாமல் கிதாராகவும் இல்லாமல் நடுவில் தொங்கிய அந்தப் பொருந்தாமைதான் அதன் சொந்தக் குரலாயிற்று.

இப்படி உள்வாங்கப்பட்ட ஒரு பண்டத்தைக் கொண்டு ஏதாவது செய்ய முடியுமா? முடியும் என்பதற்கு ஒரு காலைப்பொழுது சாட்சி. 1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை, வுட்ஸ்டாக். கூட்டத்தில் பெரும்பகுதி கலைந்துபோய்விட்டது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தை வாசிக்கிறார். காலடியில் வா-வா, ஃபஸ் ஃபேஸ், யூனி-வைப். மெட்டு அங்கேயேதான் இருக்கிறது. எவரும் அடையாளம் காணலாம். ஆனால் மெட்டின் இடுக்குகளில் விமானம் சரிகிறது, குண்டு விழுகிறது, சைரன் அலறுகிறது. வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. வாசித்தவர் 101ஆம் வான்படைப் பிரிவில் சிப்பாயாக இருந்து வந்தவர். கீதத்தை அவர் கேலி செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கீதம் தனக்குள் ஒளித்து வைத்திருந்த ஓசைகளை வெளியே எடுத்து வைத்தார், அவ்வளவுதான். சில வாரங்கள் கழித்து டிக் கேவெட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், மரபுமீறிய வாசிப்பு என்ற பேச்சு வந்தபோது, அப்படி எதையும் தான் மீறியதாக ஒப்புக்கொள்ளாமல், அது அழகாக இருந்ததாகவே அவர் சொன்னார். என்னைப் போன்ற கலக ரசிகனுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். யோசித்துப் பார்த்தால், ‘மீறல்’ என்ற சொல்லை ஏற்றுக்கொண்ட மறுகணமே கோடு எங்கே என்பதையும் ஏற்றுக்கொண்டவர்களாகிறோம். ஹென்ட்ரிக்ஸ் கோட்டையே ஒப்புக்கொள்ளவில்லை. 1951இல் காகிதம் திணித்தவர்களின் பாத்தியதையை அவர் கேட்டு வாங்கவில்லை, எடுத்துக்கொண்டார்.

அதை வாசித்தது பெடல் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபஸ் ஃபேஸில் ஒரு குணம் உண்டு. கிதாரின் ஒலித்திருகைக் கொஞ்சம் இறக்கினால் கரகரப்பு வடிந்து நாதம் தெளியும். ஏற்றினால் மறுபடி சீறும். விரல் எப்படிக் கேட்கிறதோ அப்படிப் பதில் சொல்லும். மிதிப்பது கால்தான், பேசுவது கை.

இன்றைக்கு நிலைமை எங்கே வந்து நிற்கிறது? பில் ஃபின்னகன் என்பவர் 1994இல் வெளியிட்ட ‘க்ளான் சென்டார்’ என்றொரு பெடல். கையால் செய்தது, சுமார் 8000தான் உண்டு. யாரும் பார்த்து நகலெடுத்துவிடக் கூடாதென்று சர்க்யூட்டின் மேல் கருப்புப் பிசினை ஊற்றி மூடியிருந்தார். உற்பத்தி நின்ற பிறகு கைமாற்றில் அது பல ஆயிரம் டாலருக்கு ஏறியது. பண்ட வழிபாட்டை விளக்க மார்க்ஸுக்கு ஒரு மேசை தேவைப்பட்டது. இங்கே பண்டம் தானே தன் மேல் பிசினைப் பூசிக்கொண்டு கர்ப்பக்கிருகத்தில் உட்கார்ந்திருக்கிறது. தன்னைச் சுற்றிய பரபரப்பு தன் வேலையல்ல என்று, பின்னாளில் தான் கொண்டுவந்த இன்னொரு பெடலின் மேலேயே ஃபின்னகன் அச்சிட வேண்டி வந்தது. அதற்குள் பிசினைச் சுரண்டி, உள்ளே என்ன என்று பார்த்து, ஊரெல்லாம் நகலும் செய்துவிட்டார்கள். இருந்தும் அசலின் விலை இறங்கவில்லை. ஏனென்றால் விற்பனையாவது ஒலி அல்ல. அடோர்னோ சொன்ன போலித் தனித்தன்மை இதுதான். ஒரே அச்சில் வார்த்த பண்டத்தை ‘உன் குரல்’ என்று உன்னிடமே விற்பது. ‘அந்தப் பெடல் வாங்கிட்டா எனக்கும் அந்த சவுண்டு வந்துரும்’ என்று ஒரு பையன் சொல்லும்போது, அவன் காசு சேர்ப்பது குரலுக்கு அல்ல, குரல் உள்ளவன் என்ற அங்கீகாரத்துக்கு. ஒருகாலத்தில் காகிதம் திணித்தவனுக்குக் கிடைக்காமல்போனதும் அதே அங்கீகாரம்தான்.

இதையெல்லாம் மேற்கின் சமாச்சாரம் என்று நாம் தள்ளிவிட முடியுமா? நம் தம்புராவில் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, நகர்த்தி நகர்த்தி ‘ஜீவா’ பிடிக்கிறார்கள். நூல் இல்லாவிட்டால் கம்பி மொட்டையாக ஒலிக்கும். நூல் சரியாக அமர்ந்தால் கம்பி குதிரையை உரசி, ரீங்காரமிட்டு, மேற்சுரங்களைப் பொழியும். ஃபஸ்ஸில் நடப்பதும் இதில் நடப்பதும் ஒரே இயற்பியல் அல்லதான். ஆனால் கம்பியில் வேண்டுமென்றே உண்டாக்கும் ஓர் உரசலை நாம் பழுதென்று சொல்லவில்லை. உயிர் என்று பெயர் வைத்திருக்கிறோம். சுத்த ஸ்வரத்துக்கு ஆதாரமாக அதைத்தான் பின்னால் உட்கார்த்தியும் வைத்திருக்கிறோம். சபையில் உரசினால் ஜீவா, மாடியில் உரசினால் ரிப்பேர்.

ஆக, கரகரப்பு தன்னளவில் கலகமும் அல்ல, சரக்கும் அல்ல என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். யாருடைய கரகரப்பு, யார் அதற்குப் பெயர் வைத்தார்கள், யார் காசு பார்த்தார்கள் என்ற மூன்றையும் கேட்காமல் இனி அதைப் பற்றி முழங்குவதாக இல்லை.

நண்பரின் அப்பா இப்போது இல்லை. அன்று அவரைக் கீழே அனுப்பிவிட்டு நாங்கள் தொடர்ந்து வாசித்தோம். எங்கள் இருவரையும்விட அந்த ஒலியை ஒழுங்காகக் கேட்டவர் அவர்தான். கேட்டதும் கோன் என்றார், கிழிசல் என்றார், ஒட்டித் தருகிறேன் என்றார். 1951இல் அந்தக் காகிதத்தைத் திணித்த கையை அவருக்குத் தெரிந்திருக்கும். ‘உட்காருங்க, இன்னொரு தடவை கேளுங்க’ என்று ஒரு வார்த்தை நாங்கள் சொல்லியிருக்கலாம்.