சித்தமும் திருவுளமும்: தமிழ் விவிலியத்தில் இறைவிருப்பம் குறித்த சொல்லாட்சி

ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் உருவாக்கி 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பை வாசிப்போர், இயேசு கற்பித்த மன்றாட்டில் 'சித்தம்' என்னும் சொல்லை ஆள்கின்றனர். கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியான திருவிவிலியத்தை வாசிப்போர் அதே இடத்தில் 'திருவுளம்' என்கின்றனர். இவ்வேறுபாடு வடசொல்லுக்கும் தமிழ்ச்சொல்லுக்கும் இடையிலான போட்டி எனப் பொதுவாக விளக்கப்படுவதுண்டு. தனித்தமிழ் இயக்கத்தின் செல்வாக்கு திருவிவிலியத்தின் நடையில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்விளக்கம் போதுமானதன்று. கடவுள் விரும்புவது யாது, அதனை மனிதன் எவ்வாறு அறிவது, அறிந்தபின் அவன் செய்யவேண்டுவது என்ன என்னும் மூன்று வினாக்களுக்கும் இவ்விரு சொற்களும் வெவ்வேறு விடைகளை உள்ளடக்கியுள்ளன. நாள்தோறும் மன்றாடுவோர் தாம் அறியாமலேயே அவ்விடைகளுள் ஒன்றை ஏற்றுக்கொண்டவராகின்றனர்.

மூலமொழிகளின் நிலை முதற்கண் நோக்கத்தக்கது. எபிரேயத்தில் இப்பொருளில் பெருவழக்காயுள்ள இரு சொற்கள் 'ராட்சோன்', 'ஹேஃபெட்ஸ்' என்பன. இரண்டும் மகிழ்ச்சி, உவப்பு என்னும் பொருட்களோடு நெருங்கியவை. கட்டளை என்னும் கடுமை அவற்றின் அடிப்பொருளில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 'தெலேமா' பெரும்பான்மை. நோக்கம், தீர்மானம் என்னும் பொருளில் 'பூலே' சிறுபான்மை. எபேசியர் 1:11இல் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஐக்கிய மொழிபெயர்ப்பாளர் பூலேக்கு 'ஆலோசனை' என்னும் வேறொரு சொல்லைத் தேடினர். அக்காலத்தில் அது தீர்மானத்தையும் குறித்தது. இன்றைய வாசகர்க்கோ ஆலோசனை என்பது கேட்டாலும் கேட்காவிட்டாலும் குற்றமில்லாத அறிவுரை. லூக்கா 7:30இல் பரிசேயர் தள்ளிவிட்டது அத்தகைய அறிவுரைதான் என்று அவர் எண்ணினால் பிழை அவருடையதன்று. சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது.

'சித்தம்' என்னும் சொல்லுக்கு இதனினும் சிக்கலான வரலாறு உண்டு. வடமொழியில் வேறுபட்ட இரு சொற்கள் தமிழ் எழுத்தில் ஒரே வடிவம் பெற்றுள்ளன. ஒன்று மனம், எண்ணம் எனப் பொருள்படும் 'சித்த'. மற்றொன்று முடிந்தது, ஆயத்தமானது எனப் பொருள்படும் 'ஸித்த'. 'பயணத்திற்குச் சித்தமானான்' என்னும்போது இரண்டாவது சொல்லும், 'சித்தம் கலங்கினான்' என்னும்போது முதற்சொல்லும் பயில்கின்றன. ஐக்கிய மொழிபெயர்ப்பாளர் இம்மயக்கத்தை அறியாதவரல்லர் எனக் கருத இடமுண்டு. ஆயத்த நிலையைக் குறிக்க அவர்கள் பெரும்பாலும் 'ஆயத்தம்' என்ற சொல்லையே கையாண்டனர். எனினும் மயக்கம் முழுதும் நீங்கவில்லை. ஏசாயா 53:10இல் துன்புறும் ஊழியனைக் கடவுள் நொறுக்க விரும்பினார் என்னும் அதிர்ச்சிதரும் கூற்றில் எபிரேயம் ஹேஃபெட்ஸ் என்பதன் வினைவடிவை ஆள்கிறது. தமிழில் அங்கு வரும் 'சித்தமாகி' என்ற எச்சத்தை இன்றைய வாசகர் 'ஆயத்தமாகி' என்றே உணர்வர். அவர் விரும்பினார் என்னும் கூற்று, அவர் முற்பட்டார் என்னும் கூற்றாகத் தணிந்துவிடுகிறது. விளக்கவுரையாளர் பல நூற்றாண்டுகளாகப் போராடிவரும் இடர்ப்பாடு தமிழ் வாசகர் கண்ணில் படாமலேயே போகிறது.

சமுதாய வழக்கில் சித்தம் மேலோருக்குரியது. 'தங்கள் சித்தம் என் பாக்கியம்' என்னும் தொடரைச் சொல்பவன் கீழ்நிலையில் நிற்பவன். மறுமொழி கூறவோ காரணம் கேட்கவோ உரிமையற்றவன். கிறித்தவர் பேச்சில் 'தேவ சித்தம்' என்பது பெரும்பாலும் இறப்பு, நோய், இழப்பு ஆகியவற்றின் பின்னரே ஒலிக்கிறது. மகன் தேர்வில் வென்றால் அது கிருபை. இறந்தால் அது சித்தம். இவ்வழக்கில் இச்சொல் 'விதி' என்னும் சொல்லின் இடத்தை மெல்லக் கைப்பற்றியுள்ளது. பவுலின் மடல்களிலோ நிலைமை வேறு. 1 தெசலோனிக்கேயர் 4:3இல் கடவுளின் விருப்பம் இன்னது என்று வெளிப்படையாகவே கூறப்படுகிறது: வாசிப்போர் தூயவராதல். மறைந்திருந்து பின்னர் நிகழ்ச்சிகளால் தெரியவரும் தீர்ப்பு அன்று அது. முன்னரே அறிவிக்கப்பட்டுச் செயலுக்காகக் காத்திருப்பது.

செயல் என்றவுடன் தொடரமைப்புச் சிக்கல் எழுகிறது. மொழியியலார் கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுவே. கிரேக்கத்தில் தெலேமா 'செய்' என்னும் வினையின் செயப்படுபொருளாக இரண்டாம் வேற்றுமையில் நிற்கும். மத்தேயு 7:21, மாற்கு 3:35, யோவான் 4:34 ஆகிய மூன்றிலும் இவ்வமைப்பே. தமிழில் 'சித்தத்தைச் செய்தான்' என்பது வழக்கில் இல்லை. 'திருவுளத்தைச் செய்தான்' என்பதும் இல்லை. எனவே பழைய மொழிபெயர்ப்பு 'சித்தத்தின்படி' என்றும், திருவிவிலியம் மத்தேயு 7:21இல் 'திருவுளத்தின்படி' என்றும் கூறுகின்றன. செயப்படுபொருள் வினையடையாகிவிட்டது. இம்மாற்றம் சிறிதெனத் தோன்றலாம். ஆனால் 'ஒன்றைச் செய்தல்' என்பதும் 'ஒன்றின்படி செய்தல்' என்பதும் ஒரே கருத்தைத் தருவன அல்ல. முதலாவதில் கடவுளின் விருப்பம் மனிதன் கையில் வடிவம் பெறும் பணியாகிறது. இரண்டாவதில் அது அளவுகோலாக வெளியே நிற்கிறது. மனிதன் வேறு ஏதோ செய்கிறான், அச்செயல் அளவுகோலுக்கு ஒத்திருந்தால் போதும்.

தமிழின் இயல்பு இடந்தரவில்லை என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. அதே ஐக்கிய மொழிபெயர்ப்பு வேறொரு வழியையும் கண்டறிந்திருந்தது. 40ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனத்திலும் 143ஆம் சங்கீதத்தின் 10ஆம் வசனத்திலும் ராட்சோன் என்பதற்குப் 'பிரியமானது' என்னும் வினையாலணையும் பெயர் வந்துள்ளது. அது 'செய்' என்பதன் செயப்படுபொருளாகவே நிற்கிறது. எபிரேயச் சொல்லின் உவப்புப் பொருளும் காக்கப்பட்டது, தொடரும் இயல்பாக அமைந்தது. ஆனால் இதே சங்கீதப் பகுதியை எபிரெயருக்கு எழுதிய நிருபம் 10:7இல் கிரேக்கத்தின்வழி மேற்கோளாகக் கூறும்போது தமிழில் மீண்டும் 'சித்தத்தின்படி' புகுந்துவிடுகிறது. மேற்கோளும் மேற்கோளின் மூலமும் இரு வேறு கூற்றுகளாகப் பிரிகின்றன. கிரேக்கம் வேறு, எபிரேயம் வேறு என்னும் நேர்மை இதற்குக் காரணமாகலாம். எனினும் கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பே அச்சங்கீதத்தில் ராட்சோன் என்பதைத் தெலேமா என ஆக்கியது என்பதை நினைவிற்கொண்டால், 'பிரியமானது' என்னும் சொல்லுக்குப் புதிய ஏற்பாட்டில் நுழையும் உரிமை இருந்தது என்றே கூறவேண்டும்.

திருவுளம் என்னும் சொல்லுக்கு வருவோம். இது 1995இல் புதிதாகப் புகுந்ததன்று. ஐக்கிய மொழிபெயர்ப்பே மத்தேயு 11:26இல் இதனை ஆண்டுள்ளது. புதியது, இச்சொல்லைத் தெலேமாவுக்குரிய இயல்பான நிகராகக் கொண்டதே. 'திரு' என்னும் அடை அரசவையிலும் கோயிலிலும் வளர்ந்தது. 'திருவுளம் பற்றுதல்' என்றால் பெரியோர் ஒன்றைக் கருதியருளுதல். சைவ, வைணவ உரைமரபுகளில் பழகிய இச்சொல்லில் அன்பும் அண்மையும் உண்டு. சித்தத்தில் இல்லாத குளிர்ச்சி அது. இவ்வகையில் திருவிவிலியக் குழுவினரின் தேர்வு பாராட்டுக்குரியது.

ஆனால் இச்சொல்லும் தனியே வரவில்லை. 'திருவுளச்சீட்டு' என்னும் கூட்டுச்சொல் தமிழர் அனைவரும் அறிந்தது. முடிவெடுக்க இயலாத இடத்தில் சாமி முன் சீட்டுகளைக் குலுக்கிப்போட்டு ஒன்றை எடுத்தலும், வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலமாகக் கட்டிவைத்துக் கேட்டலும் ஒரே நம்பிக்கையின் இரு வடிவங்கள். தெய்வத்தின் உள்ளம் மறைவானது, ஆய்வுக்கு எட்டாதது, குறியால் மட்டுமே அறியத்தக்கது. அப்போஸ்தலர் நடபடிகள் 1:26இல் மத்தியாவைத் தெரிந்தெடுத்ததும் சீட்டினாலேயே என்பதால் இந்நம்பிக்கைக்கு விவிலியத்திலும் இடமுண்டு. எனினும் அந்நூலின் பிற்பகுதியில் பணியாளரைத் தெரிவுசெய்யும் இடங்களில் சீட்டு மீண்டும் வரவில்லை.

ரோமர் 12:2 இதற்கு எதிரான வழியைக் காட்டுகிறது. அங்குள்ள கிரேக்க வினை உலோகத்தையும் நாணயத்தையும் சோதித்து அறிவதைக் குறிக்கும் 'தொக்கிமாட்சோ'. தமிழில் பொன்னை உரைத்துப் பார்த்தல் என்பது இதற்கு மிக நெருங்கியது. ஐக்கிய மொழிபெயர்ப்பு இங்கு 'பகுத்தறி' என்னும் வினையைத் தேர்ந்துள்ளது. மிகச் சிறந்த தேர்வு இது. அக்குழுவினர் கடவுளின் விருப்பத்தை அறிவதற்குக் கையாண்ட சொல்லே, இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் கடவுள் மறுப்பாளரின் கொடியிலேறியது என்பது சொல்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அதன்பின் கிறித்தவச் சொற்பொழிவாளர் சிலர் இவ்வசனத்தை விளக்குகையில் இவ்வினையைத் தொடாமல் கடந்துசெல்வதும் நிகழ்கிறது. பவுலின் கருத்தோ தெளிவானது: மனம் புதிதாதல் என்பது ஆராயும் ஆற்றல் புதிதாதலே. சீட்டெடுப்பவனுக்கு மனம் புதிதாகவேண்டிய தேவை இல்லை.

பெயர்ச்சொல்லை விட்டு வினைச்சொல்லை நாடியிருந்தால் இவ்விடர்ப்பாடுகள் பல தோன்றியிரா. தமிழ் முஸ்லிம்கள் இப்பொருளில் 'நாடு' என்னும் வினையையே பெரிதும் ஆள்கின்றனர். 'அல்லாஹ் நாடினால்' என்னும் தொடரில் இறைவன் எழுவாய். விரும்புதல் அவன் வினை. யாக்கோபு 4:15இலும் கிரேக்கம் வினையையே கொண்டுள்ளது. ஐக்கிய மொழிபெயர்ப்போ அதனைச் 'சித்தமானால்' என்று நான்காம் வேற்றுமையோடு முடித்தது. 'எனக்குப் பசிக்கிறது' என்னும் தொடர்வகையைச் சேர்ந்தது இது; விருப்பம் ஒருவர் செய்யும் செயலாக அன்றி, அவரிடத்து நேரும் நிலையாகத் தோன்றுகிறது. கூட்ட அறிவிப்புகளின் தலைப்பில் இன்று சடங்காக நிற்கும் அத்தொடரைச் சொல்வோர், விரும்பும் ஒருவரை எண்ணியா சொல்கின்றனர் என்பது ஐயத்திற்குரியது.

கெத்சமனேயில்தான் இச்சொற்களின் வலிமையும் மெலிவும் ஒருங்கே வெளிப்படுகின்றன. லூக்கா 22:42இல் மகனின் விருப்பமும் தந்தையின் விருப்பமும் ஒரே தெலேமாவால் சுட்டப்படுகின்றன. ஒன்று மறுக்கப்பட்டு மற்றொன்று ஏற்கப்படுகிறது. கிறிஸ்துவுக்கு மனித விருப்பமும் உண்டு என்று வாதிட்ட மாக்சிமுஸ் இம்மன்றாட்டையே சான்றாகக் கொண்டார். அவ்வாதத்திற்காக நாவும் வலக்கையும் வெட்டப்பட்டு 662இல் நாடுகடத்தலில் இறந்தார். 680-681இல் கூடிய மூன்றாம் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் அவர் கொள்கையை ஏற்றது. ஒரே வகையான இரு விருப்பங்கள் எதிர்நிற்பதைச் சொல்லளவில் காட்டினால்தான் அவ்வாதம் நிற்கும்.

'சித்தம்' இதனைத் தாங்கியது. என்னுடையது, உம்முடையது என்னும் இரு அடைகளையும் அது ஏற்கும். 'திருவுளம்' ஏற்காது, 'என் திருவுளம்' என்று தன்னைத்தானே உயர்த்திக் கூறுதல் தமிழில் நகைப்பிற்கிடமாகும். இதனை உணர்ந்த திருவிவிலியக் குழுவினர் லூக்காவில் இருவர்க்கும் பொதுவாக 'விருப்பம்' என்றனர். சரியான முடிவே. விலை வேறிடத்தில் செலுத்தப்பட்டது. நாள்தோறும் மன்றாட்டில் 'திருவுளம்' என்போர், ஒலிவமலையில் இயேசு போராடியதும் அதே பொருளோடுதான் என்பதைச் சொல்லளவில் உணர இயலாது. மத்தேயு 26இலும் 39ஆம் வசனத்தில் விருப்பம், 42ஆம் வசனத்தில் திருவுளம். அங்குக் கிரேக்கமும் வினையிலிருந்து பெயருக்கு மாறுகிறது என்பதால் இதில் குறைகூற இடமில்லை.

குறை வேறொன்றில் உள்ளது; அது இரு மொழிபெயர்ப்புகளுக்கும் பொது. மத்தேயு 26:42இல் இயேசு கூறும் நான்கு கிரேக்கச் சொற்கள், 6:10இல் அவர் சீடர்க்குக் கற்பித்த மன்றாட்டின் சொற்களே, எழுத்தளவிலும் மாற்றமில்லை. கற்பித்தவர் தாம் கற்பித்ததைத் தம் துயரத்தில் தாமே சொல்கிறார் என்பதை மத்தேயு விளக்கம் ஏதுமின்றி, சொற்களை மீளவைத்தே காட்டுகிறார். ஐக்கிய மொழிபெயர்ப்பில் முன்னதற்குச் 'செய்யப்படு' என்னும் செயப்பாட்டு வினை, பின்னதற்கு 'ஆகு'. திருவிவிலியத்தில் முன்னதற்கு 'நிறைவேறு', பின்னதற்கு மீண்டும் 'ஆகு', அதுவும் '-படி' என்னும் உருபோடு. இரண்டிலும் எதிரொலி அறுந்துவிட்டது. 'நிறைவேறுக' என்னும் வியங்கோளைத் திருவுளம் என்னும் எழுவாயோடு 26:42இலும் அப்படியே வைக்கத் தமிழ் இலக்கணத்தில் தடை ஏதுமில்லை.