தனிப்பாடலில் ஒரு சொல்: நடை

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல்களுள், பழக்கத்தால் வருவனவற்றையும் பிறப்போடு வருவனவற்றையும் பிரித்துக் கூறும் வெண்பா தமிழ் வகுப்புகளில் பெரிதும் பயிலப்படுவது. ஓவியத்தைக் கையோடும், தமிழை நாவோடும், கல்வியை மனத்தோடும் சேர்த்த புலவர் அடுத்து நடையைச் சொல்கிறார். இந்நடை ஒழுக்கமா, கால்நடையா? ஒழுக்கம் என்று கொள்வாரே மிகுதி. அவ்வளவில், முயற்சியைப் போற்றும் பாட்டு என்று வகுப்பும் முடிந்துவிடுகிறது. பாட்டோ முயற்சி என்னவில்லை, பழக்கம் என்றது.

ஜொகூர் மாநிலத்து யோங் பெங் வட்டாரத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர் இவ்வேறுபாட்டை நன்கு அறிவர். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கவேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். பால்நாளங்கள் உட்பட்டையிலேதான் செறிந்துள்ளன. ஆழம் சற்று மிகுந்தால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். விடியுமுன் நெற்றிவிளக்கொளியில் மரத்துக்கு மரம் நடந்து இதனைச் செய்தவர்க்கு, செய்யும் வகையைச் சொல்ல வராது. செய்து காட்ட வரும். புதியவர் விதியை ஒரே நாளில் அறிவார். கை அறிய நெடுநாள் ஆகும்.

கையின் இவ்வறிவு சேரும் இடங்களுள் தலையாயது சிறுமூளை. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். நரம்பணுக்களிலோ பாதிக்கு மேற்பட்டவை அங்கே உள்ளன. எண்ணிய அசைவுக்கும் நிகழ்ந்த அசைவுக்கும் உள்ள வேறுபாடு பிழைச் செய்தியாக அங்கே சென்று, இணைப்புகளை மாற்றுகிறது. டேவிட் மார் 1969இல் இக்கொள்கைக்கு வழி வகுத்தார்; பிழைக்குத் துணைபோன இணைப்புகள் வலுக்குன்றும் என்று 1971இல் ஜேம்ஸ் ஆல்பஸ் கூறினார்; ஜப்பானிய அறிஞர் மசாவோ இட்டோவின் சோதனைகள் பின்னர் அதற்குச் சான்று தந்தன.

சிறுமூளை பழுதுற்றதாக ஐயுறும் மருத்துவர், கண்ணசைவு முதலியவற்றோடு வேறு எவற்றை நோக்குவார்? விரலால் மூக்கைத் தொடச் சொல்வார். பேச்சுக் குழறுகிறதா எனக் கேட்பார். நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். கை, நா, நடை!

ஔவையார் சிறுமூளையை அறிந்திருந்தார் என மேடையில் முழங்குவது திறனாய்வு ஆகாது. மக்களை உற்றுநோக்கிய கூர்மையே அப்பாட்டில் உள்ளது. கால்நடை எனக் கொண்டால் அச்சொல் கையோடும் நாவோடும் இயைந்து நிற்கிறது. ஒழுக்கம் என்னும் பொருளையும் முற்றத் தள்ளுவதற்கில்லை. அதுவும் நாள்தோறும் பழகுவதே. ஆயினும், முதற்பொருளை மறந்து இரண்டாவதை மட்டும் கற்பிப்பது பாட்டைப் பாதியாக்குவதாகும்.

ஆசிரியர்க்கு நேரே பயன்படுவது நாவைப் பற்றிய பகுதி. ழகரம் பிறக்கும் வகையைத் தொல்காப்பியப் பிறப்பியல் கூறுகிறது. அதனைப் பிழையின்றி ஒப்பித்த மாணவனே வாழைப்பழத்தை 'வாளைப்பளம்' என்பான். அவனைச் சோம்பன் எனல் தகாது. விதி மனத்தைச் சேர்ந்தது, நாவைச் சேரவில்லை. ஒரு வாரம் கழித்துத் தேர்வுத்தாளில் இடும் சிவப்புக்கோடு அந்நாவுக்கு எட்டாது. பிழை ஒலித்த அப்பொழுதே அவன் செவி அதனை உணர, மீண்டும் மீண்டும் சொல்லவைத்தல் வேண்டும்.