ஸ்லான்ட் சிக்ஸ்: உழைப்பாளியின் குறைகள்

பழைய அமெரிக்கக் கார் பிரியர்களிடம் கிரைஸ்லரின் ஸ்லான்ட் சிக்ஸ் எஞ்சினைப் பற்றிப் பேச்சு எடுத்தால், "அதுக்குச் சாவே கிடையாது" என்பார்கள். பெருமளவு உண்மைதான். ஆனால் அந்தப் புகழில் வடிவமைப்பின் பங்கு எவ்வளவு, எஞ்சினை முழுதாக வேலை வாங்காமல் விட்ட நிறுவனத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

கிரைஸ்லரின் 1960 மாடல் வேலியன்ட் காரில் வந்த எஞ்சின் இது. வடிவமைப்புக்குத் தலைமை வில்லெம் வீர்ட்மன். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் இருக்கும்; அந்த வரிசை 30 டிகிரி வலப்பக்கம் சாய்ந்திருக்கும். சாய்த்ததால் பானட் தாழ்ந்தது. தண்ணீர் பம்ப்பைப் பக்கவாட்டில் ஒதுக்கியதால் நீளமும் குறைந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது மூன்றாவது லாபம்: சாய்வால் கிடைத்த இடத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நீண்ட தனிக் காற்றுக்குழாய் கொடுக்க முடிந்தது.

உழைப்பின் ரகசியம் அடிப்பகுதியில் இருக்கிறது. நான்கே மெயின் பேரிங்குகள். ஏழு இருந்தால்தான் உயர்வு என்பவர்களுக்கு இது சிக்கனமாகத் தெரியும். ஆனால் அடித்து உருவாக்கிய எஃகு கிராங்க்கைக் குட்டையாகவும் முரடாகவும் வைக்க அதுவே உதவியது. தவிர, இதன் 3.7 லிட்டர் வகை, அதாவது 225 கன அங்குலம், அன்றைய கணக்கில் கொடுத்தது 145 குதிரைத்திறன். சிலிண்டர் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டமோ 105. வேகமாகச் சுழலும் சுபாவமே கிடையாது. தன் எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகாத இயந்திரம் தேயாமல் இருந்ததில் ஆச்சரியம் என்ன?

போக முடியாததால் போகவில்லை என்றும் சொல்ல முடியாது. 1960இல் டேடோனா சிறு கார் பந்தயத்தில், 'ஹைப்பர் பேக்' பூட்டிய வேலியன்ட்கள் முதல் ஏழு இடங்களையும் பிடித்தன. அடிப்படை 2.8 லிட்டர் எஞ்சினின் 101 குதிரைத்திறனை 148 ஆக்கிய கருவித்தொகுப்பு அது. 1961இல் அலுமினிய பிளாக்கும் வந்தது. ஏறக்குறைய 36 கிலோ எடை குறைவு. 1963இலேயே அதை நிறுத்திவிட்டார்கள். ஹைப்பர் பேக்கும் நீடிக்கவில்லை. 1970இல் வந்த 3.2 லிட்டர் வகை, 3.7 லிட்டரின் பெரிய பிளாக்கில் குறைந்த பிஸ்டன் ஓட்டம் வைத்த சிக்கன ஏற்பாடு, அவ்வளவுதான்.

குறைகள் பெரும்பாலும் மேல்பகுதியில். நடுவில் ஒற்றை வாய் கார்பரேட்டர் உட்கார்ந்திருப்பதால் முன், பின் ஓரச் சிலிண்டர்களுக்குக் கலவை சமமாகப் போய்ச் சேராது. குளிரில் இது நன்றாகவே தெரியும். உள், வெளி மேனிஃபோல்டுகள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. முறை தவறி முடுக்கினால் வெடிப்பு விடும். 1981 வரை வால்வை இயக்கும் டேப்பட்டின் இடைவெளியைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். சத்தம் போடும் டேப்பட்டைவிட, இடைவெளி அடைந்து சத்தமில்லாமல் போன டேப்பட்தான் ஆபத்து, வால்வு எரிந்துபோகும். எதுவுமே செய்ய வேண்டாத எஞ்சின் என்று நம்பியவர்கள் இதில்தான் மாட்டினார்கள்.

இரட்டை வாய் கார்பரேட்டர் வைத்த 'சூப்பர் சிக்ஸ்' 1977இல்தான் வந்தது. மூச்சுத்திணறலுக்கு மருந்து கிடைக்க பதினேழு ஆண்டுகள்! அதற்குள் எஃகு கிராங்க் போய் வார்ப்பிரும்பு கிராங்க் வந்திருந்தது; புகைக் கட்டுப்பாடுகள் சக்தியைத் தின்றிருந்தன. அதே காலத்தில் இந்த எஞ்சினோடு வந்த டாட்ஜ் ஆஸ்பென், பிளிமத் வொலாரே கார்களின் முன் ஃபெண்டர்கள் துருப்பிடித்து, நிறுவனமே திரும்ப அழைத்து மாற்ற வேண்டியிருந்தது. உடம்பு அழுகிய காரில் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், அதன் பெயர் இரட்டிப்பாக உயரத்தானே செய்யும்?

1983இல் கார்களிலிருந்தும் 1987இல் பிக்அப் வண்டிகளிலிருந்தும் இது விடைபெற்றது. பிக்அப்பில் அந்த இடத்தைப் பிடித்த 3.9 லிட்டர் வி6, கிரைஸ்லரின் பழைய 318 கன அங்குல வி8இல் இரண்டு சிலிண்டர்களைக் கழித்து உருவாக்கியது.