அந்தப் புள்ளி அணு இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை, ஆறாவது படிக்கும் என் பொண்ணுக்கு 'எ பாய் அண்ட் ஹிஸ் ஆட்டம்' படத்தைப் போட்டுக் காட்டினேன். 2013-ல் ஐபிஎம்மின் கலிஃபோர்னியா ஆய்வகம் எடுத்த ஒன்றரை நிமிடப் படம். புள்ளிகளால் ஆன ஒரு பையன், ஒற்றைப் புள்ளியோடு விளையாடுவான். மொத்தம் 242 சட்டகங்கள், 10 கோடி மடங்கு பெரிதாக்கியவை. உலகின் மிகச் சிறிய ஸ்டாப்-மோஷன் படம் என்று கின்னஸில் இடம் உண்டு.

"அப்பா, இது என்ன அணு?" என்று கேட்டாள். "கார்பன்"னு சொல்லிட்டேன். ராத்திரி தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, சொன்னது தப்பு.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு. செப்புப் பரப்பில் கார்பன் கீழே ஒட்டியிருக்க, ஆக்சிஜன் மேலே நிற்கிறது. மேலிருந்து பார்ப்பதால் ஒரே உருண்டையாகத் தெரிகிறது. தலைப்போ 'அணு' என்கிறது! பிள்ளைகள் முதலில் பிடிக்க வேண்டிய வித்தியாசமே இங்கே தொலைந்துபோகிறது. ஒரு கார்பனோடு ஒரு ஆக்சிஜன் சேர்ந்தால், மூடிய அறையில் ஆளைக் கொல்லும் வாயு. இரண்டு ஆக்சிஜன் சேர்ந்தால், சோடாவில் பொங்கும் வாயு. அணுக்கள் அதேதான், சேர்ந்த விதம் வேறு.

இரண்டாவது குறை, புள்ளிகள் வைத்த இடத்தில் சமத்தாக நிற்கின்றன. காரணம், கருவிக்குள் சுமார் மைனஸ் 268 டிகிரி செல்சியஸ் குளிர். நம் வீட்டுத் தண்ணீரில் மூலக்கூறுகள் ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. படத்தில் இதைச் சொல்லவில்லை.

மூன்றாவது, பார்க்க போட்டோ மாதிரி இருக்கிறது, ஆனால் போட்டோ இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அணு அரை நானோமீட்டர்கூடத் தேறாது. அதனால் பின்னிக், ரோரர் இருவரும் 1981-ல் உருவாக்கிய கருவி, ஒரு கூரிய ஊசியைப் பரப்பைத் தொடாமல் நகர்த்தி, இடையில் கசியும் மின்னோட்டத்தை அளக்கிறது. அந்த எண்களைக் கணினி படமாக்குகிறது. 1986-ல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவு சொன்னாலும் படம் எனக்குப் பிடித்திருக்கிறது. புள்ளிகளைச் சுற்றி, குளத்தில் கல் போட்ட மாதிரி வளையங்கள் தெரியும், கவனித்துப் பாருங்கள். அது அலங்காரம் இல்லை. செப்பின் மேற்பரப்பு எலக்ட்ரான்கள் அலையாக நடந்துகொள்வதன் தடம். எலக்ட்ரானைக் கோள் மாதிரி சுற்றவிடும் வகுப்பறைச் சார்ட்டில் இது கிடைக்காது.

மறுநாள் காலை, "நேத்து அப்பா தப்பா சொல்லிட்டேன்மா" என்று எல்லாவற்றையும் விளக்கினேன்.

"அப்போ அந்தப் பையன் முழுக்க விஷவாயுவா?"

ஆமாம். அணுவுக்கும் மூலக்கூறுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு இனி மறக்காது என்று நினைக்கிறேன். படத்தைக் காட்டுங்கள். முடிந்ததும் அணைத்துவிடாமல், இந்த ஐந்து நிமிடப் பேச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.