தேர்தலும் சமயமும்

தேர்தல் என்னும் சொல் இந்நாளில் வாக்களித்து உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கே பெயராய் நின்றுவிட்டது. ஆயினும், 'தேர்' என்னும் அடிக்கு ஆராய்தல் என்னும் பொருள் உண்மையை இலக்கியப் பயிற்சியுடையார் யாவரும் அறிவர். ஆராயாது எடுத்தல் தேர்தல் ஆகாது என்பதனை அச்சொல்லே உணர்த்துகின்றது. அங்ஙனமாயின், வேட்பாளர் ஒருவரிடத்து ஆராயத்தக்கன யாவை? அவர் சார்ந்த சமயம் அவற்றுள் ஒன்றாமோ? இவ்வினாவினை நம் நூல்களையும் கல்வெட்டினையும் அண்மைக்கால வரலாற்றையும் கொண்டு ஆராய முற்படுகின்றோம். வடசென்னையிலுள்ள புளியந்தோப்பினை இவ்வாராய்ச்சிக்கு உரைகல்லாகக் கொள்கின்றோம். அதன் காரணம் போகப்போக விளங்கும்.

ஒருவரை ஆராய்ந்து பொறுப்பில் அமர்த்துதல் பற்றித் தமிழில் முறைப்படக் கூறிய பழைய நூல் திருக்குறளே எனலாம். தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என அடுத்தடுத்து நிற்கும் இரண்டு அதிகாரங்களும் இப்பொருளுக்கே உரியன. அவை அரசன் தன் வினைக்கு உரியாரைத் தெரியுமாறு கூறுவன. மக்களாட்சியில் அவ்வரசன் இருக்கையில் வாக்காளர் அமர்ந்துள்ளனர். ஆதலின் அவ்விதிகள் இன்று வாக்காளர்க்கு உரியவாகின்றன.

அவ்வதிகாரங்களில் வள்ளுவர் குணமும் குற்றமும் நாடி மிக்கது கொள்ளச் சொல்கின்றார். ஒருவர்தம் பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் செய்யும் வினையையே கட்டளைக்கல்லாக வைக்கின்றார். அன்பு ஒன்றே காரணமாக அறிவிலாரைத் தெளிதல் பேதைமையெல்லாம் தரும் என்கின்றார். 'நம்மவர்' என்னும் பற்றினால் இடும் வாக்கு இம்மூன்றாம் விதியின்கண் அடங்குமென்பது சொல்லாமே விளங்கும். குடிப்பிறப்பினை அவர் ஓரளவு போற்றினார் என்பதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் சமயத்தினை அவர் எவ்விடத்தும் அளவாகக் கொண்டாரல்லர்.

'அறம் என்று தொடங்கும் சோதனை அவ்வதிகாரத்தின் முதற்கண்ணே உள்ளதன்றோ?' என வினவுவார் இருக்கலாம். இவ்விடத்துப் பரிமேலழகர் உரை நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணைசெய்கின்றது. அவர் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கனையும் வடநூல் வழிநின்று உபதைகளாக விளக்குகின்றார். அறவுபதையாவது, புரோகிதரையும் அறவோரையும் ஏவி, 'இவ்வரசன் அறவோன் அல்லன். வேறொருவனை அமர்த்த எண்ணினோம்' என்று சொல்லுவித்து, கேட்பான் இசைகின்றானா என அறிதல். இங்கு ஆராயப்படுவது அவனது சமயமன்று. அறத்தின் பெயரால் வரும் தூண்டிலைக் கண்டும் கடமையின் வழுவாது நிற்கின்றானா என்பதே ஆராயப்படுகின்றது. சமயவேடம் ஈண்டுத் தகுதியாக வரவில்லை, இரையாக வந்துள்ளது. இன்றைய நிலையில் அவ்விரை வேட்பாளரால் வாக்காளர்முன் வீசப்படுகின்றது. சோதனைக்கு உள்ளாவார் வாக்காளரே என்க.

இனி, இதற்கு மறுதலையான சான்றொன்றும் தமிழகத்தில் உண்டு. முதற்பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையினை விரித்துரைக்கின்றன. 30 குடும்புகளினின்றும் உறுப்பினர் எடுக்கப்பட்டனர். காணிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட அகவையும் வேண்டப்பட்டன. அவற்றோடு வேதக் கல்வியும் வேண்டப்பட்டது. 'ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட மக்களாட்சி' என மேடைதோறும் இக்கல்வெட்டினைப் போற்றுவார் இவ்விறுதித் தகுதியினைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றனர். அது பிரமதேயச் சபை. வேறு வகுப்பார்க்கு அங்கு ஓலையில்லை. மேலும், குடத்தினின்று ஓலையைச் சிறுவன் ஒருவன் எடுத்தமையின் அது குலுக்கலேயன்றிப் பெரும்பான்மை வாக்கன்று.

எனினும் அக்கல்வெட்டினை முற்றும் தள்ளுதல் வேண்டா. முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதாரும், அவர்தம் நெருங்கிய உறவினரும், பிறர்பொருள் கவர்ந்தாரும் அதனால் விலக்கப்பட்டனர். வேதம் ஓதிய தகுதி, கணக்குக் காட்டாத குற்றத்தினை மறைக்கவில்லை. சமயக் கல்வியை அளவாகக் கொண்ட அச்சபையும் அதனை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பது கருதத்தக்கது.

புளியந்தோப்பிற்கு வருவோம். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் நிழலில் வளர்ந்த தொழிலாளர் இருப்பிடம் அது. 1918 ஏப்ரலில் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தினைப் பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் வழிநடத்தினர். 1921இல் ஆலை வேலைநிறுத்தம் மூண்டபோது, சாதி இந்துக்களும் முசுலிம்களும் ஒருபுறமும் வேலைக்குச் சென்ற ஆதிதிராவிடர் மற்றொருபுறமுமாகத் தொழிலாளர் பிரிந்தனர். குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. அப்பூசலில் நீதிக்கட்சித் தலைவர் சிலர் கொண்ட நிலையால் எம்.சி. ராஜா மனம் வேறுபட்டார். 1923இல் அக்கட்சியினின்றும் விலகினார்.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? ஒரே சமயத்தார் எனப்பட்டோர் எதிரெதிரே நின்றனர். வேறு சமயத்தார் ஓரணியில் நின்றனர். கூலியும் தீண்டாமையுமே பிளவின் வேர். 1909இல் முசுலிம்கட்கும், 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் இந்தியக் கிறித்தவர்க்கும் அமைந்த தனி வாக்காளர் தொகுதி முறை, ஒருவர்தம் நலனை அவர்தம் சமயமே வரையறுக்கும் எனக் கொண்டது. அக்கொள்கை வழங்கிய காலத்திலேயே புளியந்தோப்பு அதனைப் பொய்ப்பித்தது.

விடுதலை பெற்ற இந்தியா அம்முறையைக் கைவிட்டது. அரசமைப்பின் 325ஆம் உறுப்பு, சமயம் பற்றி எவரையும் வாக்காளர் பட்டியலினின்று விலக்கலாகாது என்றது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு, சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்டலைத் தேர்தற் குற்றமாக்கியது. 2017 சனவரி 2ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு நால்வர் பெரும்பான்மையால், வேட்பாளரது சமயமேயன்றி வாக்காளரது சமயத்தைச் சுட்டிக் கேட்டலும் குற்றமே என்றது. மாறுபட்ட மூவர், சமயத்தாலும் சாதியாலும் மக்கள் உற்ற துன்பங்களைத் தேர்தலில் எடுத்துப் பேசுதலைத் தடுத்தலாகாது எனக் கருதினர்.

இத்துணையும் வாக்காளர்க்கும் வேட்பாளர்க்கும் இடப்பட்ட விதி. ஆனால் புளியந்தோப்பினையும் சூழ்ந்துள்ள பகுதிகளையும் கொண்ட எழும்பூர், திரு.வி.க. நகர் என்னும் சட்டமன்றத் தொகுதிகள் பட்டியல் வகுப்பினர்க்குரிய தனித்தொகுதிகள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களையும், 1956, 1990 ஆண்டுகளின் திருத்தங்களால் முறையே சீக்கியரையும் பௌத்தரையும் மட்டுமே பட்டியல் வகுப்பினராக ஏற்கின்றது. எனவே, ஒரே தெருவில் ஒரே இழிவினைப் பொறுத்து வாழ்ந்த இரு குடும்பங்களுள் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார் இத்தொகுதிகளில் வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்றல் இயலாது. சமயத்தை நோக்காதே என்று வாக்காளர்க்கு உரைக்கும் சட்டம், வேட்புமனுவின்கண் தானே சமயத்தை நோக்குகின்றது.

இம்முரணின் விளைவினைக் கோலார் தங்கவயலில் கண்டோம். 1967இல் அத்தனித்தொகுதியினின்று மைசூர்ச் சட்டமன்றத்திற்கு எசு. இராசகோபால் தெரிந்தெடுக்கப்பட்டார். அவர் 1949இல் கிறித்தவராயினமையின், மீண்டும் ஆதிதிராவிட வகுப்பில் ஏற்றுக்கொள்ளப்பட்டமைக்குச் சான்று போதாதென்று உச்ச நீதிமன்றம் 1968இல் அத்தேர்தலைச் செல்லாததாக்கியது. 1972இல் மக்கள் அவரையே மீண்டும் தெரிந்தெடுத்தனர்; 1975இல் அதே நீதிமன்றம் அவரது தகுதியினை ஏற்றது. தேவிகுளம் தொகுதியில் 2021இல் வென்ற ஆ. இராசாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் இக்காரணத்தாலேயே நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2025இல் அத்தீர்ப்பினை மாற்றியது. இலண்டன் நகர மக்கள் 1847இல் தெரிந்தெடுத்த இலயனல் டி ரோத்சைல்டு, யூதராதலின் கிறித்தவ உறுதிமொழியைக் கூறமாட்டாமல், 1858 வரை அவையில் அமர இயலாதிருந்த வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. வாக்காளர் பொருட்படுத்தாத சமயத்தினைச் சட்டம் பொருட்படுத்தியமை மூன்றிடத்தும் ஒக்கும்.

ஆயினும் வேறுபாடும் உண்டு. இங்கிலாந்தின் விதி சிறுபான்மையோரை விலக்குதற்கு அமைந்தது. நம் ஒதுக்கீடு நெடுங்காலம் விலக்கப்பட்டோரைச் சேர்த்தற்கு அமைந்தது. 'கிறித்தவத்தில் சாதியில்லை, ஆதலின் மதம் மாறினார்க்கு ஒதுக்கீடு வேண்டா' என்பர் ஒருசாரார். சாதி கொள்கையில் இல்லையென்பது வேறு. கோயிலிலும் இடுகாட்டிலும் திருமணத்திலும் இல்லையென்பது வேறு. சென்னையில் சாலையோரத்தே செருப்புத் தைத்த கிறித்தவத் தொழிலாளி ஒருவர் தொடுத்த வழக்கில், புதிய சமயத்திலும் அவ்விழிவு அதே கடுமையோடு தொடர்வதனை மெய்ப்பித்தல் வேண்டுமென்று 1985இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அக்கூற்றிலேயே சரியான அளவுகோல் அமைந்துள்ளது என்பது நம் கருத்து. ஆராயவேண்டுவது இழிவு தொடர்கின்றதா என்பதே. அதற்குச் சமயத்தின் பெயர் விடையாகாது. 2007இல் இரங்கநாத் மிசுரா ஆணையமும் ஆணையின் சமயவரம்பினை நீக்கப் பரிந்துரைத்தது. ஒதுக்கீட்டின் பங்கு குறையுமென்று இந்துப் பட்டியல் வகுப்பினர் கொள்ளும் அச்சம் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. அதற்கு ஏற்ப அளவினை வரையறுத்தல் சட்டஞ்செய்வார் கடன்.

சிறுபான்மையோர் தம் சமயத்தாரையே நாடி வாக்களித்தல் தவறாமோ எனின், காரணத்தை நோக்கியே விடையிறுத்தல் வேண்டும். தமக்குற்ற துன்பத்தை உணர்ந்து பேசுவார் ஒருவரை அவையில் காண விரும்புதல் இயல்பே. ஆனால் துன்பத்தை உணர்தலும் சமயத்தால் ஒன்றாதலும் ஒருபொருளன. என்று கொள்ளுதல் பிழை. 1921இன் புளியந்தோப்பு அதற்குச் சான்று. ஒருவர் எச்சமயத்தார் என்பதனினும், தம் சமயத்தைக்கொண்டு அவர் யாது செய்கின்றார் என்பதே வாக்காளர் ஆராயத்தக்கது. வழிபாடு அவர்தம் உரிமை. பிறர் உரிமையை அதன் பெயராற் பறித்தல் வினை. வினையே கட்டளைக்கல்.

இதுகாறும் கூறியவற்றால், வேட்பாளரது சமயம் வாக்கிற்கு அளவாகாது என்பதும், அவ்வறிவுரையினை வாக்காளர்க்கு மட்டும் கூறிச் சட்டம் தான் விலகிநிற்றல் பொருந்தாது என்பதும் பெறப்படும். கணக்கினைக் கேட்டது உத்தரமேரூர். வினையை நோக்கச் சொன்னது குறள். இவ்விரண்டனையும் கைக்கொள்ளும் தேர்தலே தன் பெயருக்குரிய தேர்தலாகும்.