உதிர்ந்த இறகுகளும் திருச்சபையின் மனந்திரும்புதலும்

கனடாவின் பூர்வகுடி மரபினரான இதழாளர் தான்யா தலாகா 2017இல் வெளியிட்ட ‘செவன் ஃபாலன் ஃபெதர்ஸ்’ (உதிர்ந்த ஏழு இறகுகள்) அருட்பணி வரலாற்றைப் பயில்வோர் தவிர்க்கலாகாத நூலாகும். ஒன்டாரியோ மாநிலத்துத் தண்டர் பே நகரில் 2000க்கும் 2011க்கும் இடையே ஏழு பூர்வகுடி மாணவர் மாண்டனர். தம் வடபுல ஊர்களில் போதிய உயர்நிலைப் பள்ளி இல்லாமையால், பெற்றோரைப் பிரிந்து அந்நகரில் தங்கிப் பயின்றவர்கள் இவர்கள். ஐவரின் உடல்கள் நீர்நிலைகளில் கிடைத்தன. குற்றச்செயல் ஏதுமில்லை எனக் காவல்துறையினர் விரைந்து முடிவுகட்டினர். ஆயினும் 2016இல் நிறைவுற்ற மரண விசாரணையில், நால்வர் இறந்த விதத்தைத் துணியக்கூடவில்லை என்று நடுவர் குழு உரைத்து, 145 பரிந்துரைகளை அளித்தது. காவல்துறையில் இனவெறி வேரூன்றியிருந்ததை 2018இல் வெளியான மறு ஆய்வு அறிக்கை உறுதிசெய்தது.

இம்மரணங்களை ஆசிரியர் முந்தைய வரலாற்றோடு இணைத்துக் காண்பது நூலின் சிறப்பாகும். 1966இல் சானி வென்ஜாக் என்னும் 12 வயதுச் சிறுவன், கெனோராவில் பிரெஸ்பிட்டேரியன் சபையார் நிறுவிய செசிலியா ஜெஃப்ரி விடுதிப் பள்ளியினின்று தப்பி, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தன் இல்லம் நோக்கி இருப்புப்பாதை வழியே நடந்து, குளிரில் மாண்டான். மிஷன் விடுதிகளில் கல்வி பெற்று உயர்ந்த நம் சபையாருக்கு இவ்வரலாறு கசப்பானதே. எனினும் பிள்ளையின் மொழியையும் இல்லத்தையும் பறித்தளிக்கும் கல்வியை நற்செய்திப்பணி என்று கூறலாகாது. அச்சபை 1994இல் தன் பாவத்தை அறிக்கையிட்டது. அதற்குப் பின்னரும் பூர்வகுடிப் பிள்ளைகள் கல்விக்காக வீட்டைப் பிரிந்து மாண்டனர் என்பதே, இந்நூலைப் பயிலும் இறையியலார் எதிர்கொள்ள வேண்டிய வினா.

நூலில் ஒரு குறையும் உண்டு. இளைஞர் பெரும்பாலும் உறவினர், வழக்கறிஞர், தலைவர் ஆகியோரின் வாய்மொழியாகவே தோன்றுகின்றனர். இனவெறுப்பை நாள்தோறும் எதிர்கொண்டு வாழும் மாணவரின் குரல் போதிய அளவு ஒலிக்கவில்லை. மாண்டவருள் பெரும்பாலோர் பயின்ற பள்ளியில் 2019இல் ஆசிரியரும் மாணவரும் ‘வேக் த ஜயன்ட்’ என்னும் இயக்கத்தைத் தோற்றுவித்தனர். பூர்வகுடி மாணவரை வரவேற்கும் கடைகள் அதன் சின்னத்தை வாயிலில் ஒட்டின. நகரம் தங்களை எவ்வாறு ஏற்கவேண்டும் என்பதை அவ்விளைஞரே எடுத்துரைக்க வல்லவர் என்பதற்கு இது சான்று.

காயீனிடம் அவன் சகோதரனைக் குறித்துக் கேட்ட ஆண்டவர், மண்ணிலிருந்து எழுந்த இரத்தத்தின் குரலையும் கேட்டார். திருச்சபையோ, பிள்ளைகள் உயிரோடு பேசும்போதே செவிகொடுக்கக் கடமைப்பட்டது. அச்செவிகொடுத்தல் இல்லாத பாவ அறிக்கை மனந்திரும்புதலின் தொடக்கமேயன்றி நிறைவன்று.