காஷ்மியர் பள்ளிப் பிள்ளைகளின் காலப்பிரமாணம்

பழைய இசைத்தட்டுகளைத் தேடி அலைகிற ரசிகர்களிடம், ஒரு தட்டு எளிதில் அகப்படாதது என்பதே அதன் உயர்வுக்குப் போதிய பிரமாணம் என்று எண்ணிவிடும் பழக்கம் உண்டு. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்தில், ஹூஸ்டன் நகரத்துக் காஷ்மியர் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் வாத்தியக் குழு, பாட்டுக்காரர் துணையின்றி வாத்தியங்களைக் கொண்டே வாசித்து வெளியிட்ட சோல் இசைத்தட்டுகளுக்கு இந்தப் பழக்கம் பெருத்த அநீதி செய்திருக்கிறது. கிடைத்தற்கரியது என்று ஒரு சாரார் கொண்டாட, பள்ளிப் பிள்ளைகள் வாசித்தது என்று மற்றொரு சாரார் வியந்து நிற்க, அந்த வாசிப்பு எத்தகையது என்ற கேள்வியை விசாரிப்பார் இல்லாமற் போயிற்று. வயதுக்காகவோ அபூர்வத்துக்காகவோ எவ்விதச் சலுகையும் காட்டாமல், தேர்ந்த வித்வான்களின் வாசிப்போடு நேருக்கு நேர் வைத்துப் பரிசீலிக்கத் தகுந்தது அது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அக்காலத்து அமெரிக்கப் பள்ளிகளில் 'ஸ்டேஜ் பாண்ட்' என்ற குழுக்கள் இருந்தன. சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன் ஆகியவை வரிசை வரிசையாக அமர, டிரம்ஸ், பாஸ், கிட்டார், பியானோ ஆகியவை உடன் நின்று தாங்க, நடுவர்கள் முன்னிலையில் போட்டி நடக்கும். பெரிய ஜாஸ் குழுக்களின் சம்பிரதாயத்தை ஒட்டி, நாற்காலியை விட்டு அசையாமல் வாசிப்பதே வழக்கமாய் இருந்தது. காஷ்மியர் பள்ளியின் ஆசிரியர் கான்ராட் ஜான்சன், மாணவர்கள் 'பிராஃப்' என்று அன்போடு அழைத்தவர், 1967-இல் சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் கச்சேரியைக் கண்டு, அந்த மேடையின் உத்ஸாகத்தைத் தம் பிள்ளைகளின் வாசிப்பிலும் புகுத்த நிச்சயித்தார். பளபளக்கும் உடையில், வாத்தியங்களை ஒரே அசைவில் வீசியாடி வந்த அந்தக் கறுப்பின மாணவர்களை, பெரும்பாலும் வெள்ளையர் பள்ளிகளே வந்து கலந்துகொண்ட அரங்குகள் முதலில் எப்படிப் பார்த்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. 1972-இல் அலபாமா மாகாணத்து மொபீல் நகரில் நடந்த அகில அமெரிக்கப் போட்டியில் அவர்களே முதலிடம் பெற்றார்கள்.

ஆட்டம் பாட்டத்தைக் கண்டு நடுவர்கள் மயங்கியிருக்கலாம் என்று எவரேனும் ஐயுற்றால், அவர்கள் தட்டைக் கேட்க வேண்டும். தட்டில் உடையும் தெரியாது, அசைவும் தெரியாது. 'ஸ்கார்ப்பியோ' என்ற உருப்படியை எடுத்துக்கொள்வோம். இது கிட்டார் கலைஞர் டெனிஸ் காஃபி 1971-இல் வெளியிட்டுப் புகழடைந்தது. அந்த மூலப் பதிவில் பாஸ் வாசித்த பாப் பாபிட், டெட்ராயிட் ஒலிப்பதிவுக் கூடங்களில் பழுத்த கைக்காரர். அத்தகையோர் கையாண்ட ஒன்றைப் பள்ளி மாணவர்கள் தொட்டதே துணிவு. மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் வெளியே வந்து நிற்கும் இடம் இதில் உண்டு. நம் மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனத்தில் கணக்குகளை அடுக்கி உச்சத்துக்கு ஏறுவதுபோல் இங்கே ஏறுவதில்லை. எடுத்த நடையையே விடாமல் பிடித்து, அடிக்கும் அடிக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தைக் கூட்டாமல் குறைக்காமல் காக்க வேண்டும். இளம் கைகள் இவ்விடத்தில் வேகம் கூட்டிவிடுவதே இயல்பு. இவர்கள் கூட்டுவதில்லை. முந்துவதற்குத் தூண்டும் உற்சாகம் அத்தனையும் கையில் இருக்க, முந்தாமல் நிற்கும் அந்த அடக்கத்திலேதான் தேர்ச்சியின் பூரண சாட்சி இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்டுதோறும் மூத்தவர்கள் படிப்பு முடிந்து வெளியேற, புதியவர்கள் வந்து சேர, தட்டுக்குத் தட்டு ஆட்கள் மாறுகிறார்கள், காலப்பிரமாணமோ மாறுவதில்லை. ஆகவே இதை யாரோ ஒரு பிறவி மேதையின் தற்செயலான தோற்றம் என்று சொல்வதற்கில்லை. அப்பியாசம் என்ற ஒன்றை ஓர் ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஸ்தாபித்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும். ஜான்சன் 1978-இல் ஓய்வு பெற்றார். 2008 பிப்ரவரியில் பழைய மாணவர்கள் அவருக்காக ஒன்றுகூடி வாசித்தார்கள். அவர்களில் பலர் பல்லாண்டுகளாக வாத்தியத்தைத் தொடாதவர்கள். அந்த நிகழ்ச்சிக்குப் பின் சில தினங்களிலேயே, தம் 92-ஆம் வயதில் அவர் காலமானார்.

பெரிய நிறுவனங்களின் விநியோகம் இல்லாமல், கிராம் என்ற சிறு முத்திரையில் வெளியான இத்தட்டுகள் வெளியுலகம் அறியாமல் கிடந்தன. டிரம்ஸ் தனித்து ஒலிக்கும் துண்டுகளை எடுத்துத் தம் இசையில் கோக்கும் ஹிப்-ஹாப் கலைஞர்கள், பழைய தட்டுக் கடைகளின் பெட்டிகளைத் துழாவியபோது இவை மறுபடி வெளிச்சம் கண்டன. 2006-இல் நௌ-அகெய்ன் நிறுவனம் தொகுத்து வெளியிட்ட 'டெக்ஸஸ் தண்டர் சோல்' தொகுப்பினால் என்னைப் போன்றவர்களுக்கும் கிட்டின. இதற்கு அந்தச் சேகரிப்பாளர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் துண்டை மட்டும் வெட்டியெடுத்துக் கேட்கிறவர்கள், துண்டுக்கு முன்னும் பின்னும் காற்று வாத்தியக்காரர்கள் செய்யும் காரியத்தைத் தவற விடுகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குறைகள் உண்டு. தனி ஆளாக எழுந்து கற்பனை செய்யும் இடங்களில் சில மாணவர்களின் யோசனை, குழுவின் வலுவுக்கு ஈடாக நிற்பதில்லை. கற்பனை வளம் என்பது பயிற்சியால் மட்டும் பதினேழு வயதில் கைகூடுவதன்று. குழுவாக அவர்கள் எட்டிய இடமோ வேறு. அதை அறிய விரும்புகிறவர் 'ஸ்கார்ப்பியோ'வை விட்டு 'சூப்பர் பேட்'டில் தொடங்குவது நலம். ஜேம்ஸ் பிரவுன் 1970-இல் பாடிய அந்தப் பாட்டில் உறுமலும் கூவலுமாய் அவர் குரலே முக்கால் பங்கு இருக்க, குரலை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் தாளக்கட்டு என்றே எவரும் நினைப்பார்கள். நீக்கப்பட்ட குரலின் இடத்தைக் காஷ்மியர் குழுவின் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் எறிந்ததை மற்றவர் பிடித்து, தாளத்தின் முதல் அடியில் அத்தனை பேரும் ஒருங்கே வந்து இறங்குகிற அழுத்தத்தை உணர, முதல் முறை கேட்கும்போது காற்று வாத்தியங்களை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். டிரம்ஸை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.